கேஎல்லிலிருந்து ஜெர்மனிக்கு: சொந்தத் தொழில் விசாவுக்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் கம்பெனி வேலை வேண்டாம், சொந்தமாக வாடிக்கையாளர்களைப் பிடித்து வாழ வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர், டிசைனர், புரோகிராமர், நடன ஆசிரியை, பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையை விட்டு வெளியே வர நினைக்கும் பொறியாளர் ஆகியோருக்கானது இது. நான் இதே வழியில் பெர்லினில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களின் கோப்புகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்களிடம் தாள் எல்லாம் இருக்கிறது. ஆனால் மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, அதனால் முதலாவதைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1. டிக்கெட் எடுக்காதீர்கள்

மலேசியர்கள் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். அதனால் "முதலில் போய் இறங்கிவிடுவோம், அங்கேயே அனுமதிக்கு மனு போடுவோம்" என்ற எண்ணம் எல்லாருக்கும் வருகிறது. இணையத்தில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களும் அப்படித்தான் சொல்கின்றன, அவர்களுக்கு அது சரி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல், பிரிட்டன் நாட்டவர் விசா இல்லாமல் போய் அங்கிருந்தே மனு செய்ய ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரும் இல்லை, எனவே "சிங்கப்பூர்க்காரர் ஒருவர் செய்தாரே" என்ற கதையை நம்ப வேண்டாம்.

நமக்கு வழி ஒன்றுதான்: கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில், நீண்டகாலம் தங்குவதற்கான தேசிய விசாவுக்கு மனு செய்து, அது கையில் வந்த பிறகே பயணம். பினாங்குக்காரர்களும் கேஎல்லுக்குத்தான் வர வேண்டும். சுற்றுலாவாகப் போய் வாடிக்கையாளர்களைச் சந்திப்பதில் தவறில்லை. அங்கே உட்கார்ந்து வேலை செய்து காசு வாங்குவதுதான் தவறு. 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையில் நுழைவும் வெளியேற்றமும் கணினியில் ஏறுகின்றன, அதனால் 90 நாள் கணக்கில் இனி நழுவ முடியாது.

2. உங்கள் தொழில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஜெர்மனியில் சொந்தத் தொழிலுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று 'ஃப்ரைபெருஃப்': எழுத்து, மொழிபெயர்ப்பு, பத்திரிகை, கலை, கற்பித்தல், அறிவியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, பொறியியல் போன்றவை. மற்றது 'கெவெர்பே': கடை, உணவகம், இணைய வியாபாரம், ஆட்களை வைத்து நடத்தும் ஏஜென்சி. குடியிருப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் இரண்டையும் ஆள்கிறது, ஆனால் அளவுகோல் வேறு. கெவெர்பே என்றால் உங்கள் தொழிலில் பொருளாதார நலனோ அந்த வட்டாரத்தின் தேவையோ இருக்கிறது என்று காட்ட வேண்டும், பொருளாதாரத்துக்கு நல்லது என்று காட்ட வேண்டும், தொழில் திட்டம் எழுத வேண்டும். ஃப்ரைபெருஃப் என்றால் காசு வரும் வழி உறுதியாக இருக்கிறதா, தொழில் உரிமம் தேவைப்பட்டால் இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி.

இதை ஏன் இவ்வளவு முன்னால் சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் கடிதம், கணக்கு, வரிப் படிவம் எல்லாம் இதைப் பொறுத்தவை. டிசைனர் ஒருவர் "லோகோ வரைவேன், டி-சட்டையில் அச்சடித்தும் விற்பேன்" என்று எழுதினால், வரைவது ஒரு பெட்டி, விற்பது இன்னொரு பெட்டி. விற்பதை விட்டுவிட்டு மனு செய்யுங்கள்.

புரோகிராமர்கள் நடுவில் நிற்கிறார்கள். மென்பொருளை வடிவமைத்து உருவாக்குவது பொறியாளர் வேலைக்கு ஒப்பானது என்று ஜெர்மன் நிதி நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் கடைக்கு வெப்சைட் போட்டுப் பராமரிப்பது கெவெர்பே பக்கம் சாயும். உங்கள் வேலையை எந்தச் சொற்களில் விவரிக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பொய் சொல்லச் சொல்லவில்லை. செய்கிற வேலையைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

பொறியாளர்களுக்கு இன்னொரு முள். 'இன்ஜினியர்' என்ற பட்டம் அங்கே மாநிலச் சட்டங்களால் பாதுகாக்கப்பட்டது. மலேசியப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெயர் அட்டையில் அப்படிப் போட அந்த மாநிலப் பொறியாளர் சங்கத்தின் அனுமதி வேண்டும். பட்டத்தின் மதிப்பை 'அனாபின்' தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அந்தப் பக்கத்தை அச்செடுத்து கோப்பில் வையுங்கள்.

3. ஊரை இப்போதே முடிவு செய்யுங்கள்

தூதரகம் கோப்பை வாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் குடியேறப் போகும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தையும் கேட்கும். பெர்லினில் அதற்குக் குடிவரவுக்கான மாநில அலுவலகம் என்று தனித் துறையே இருக்கிறது. எனவே "ஜெர்மனியில் எங்காவது" என்று எழுதினால் கோப்பு எங்கே போகும்? வாடிக்கையாளர் கடிதங்கள் ஹாம்பர்க்கிலிருந்து, தங்குமிடம் லைப்சிக்கில், விண்ணப்பத்தில் பெர்லின் என்று மூன்று திசையில் இழுக்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கோப்பில் அதிகாரிக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

4. வாடிக்கையாளர் கடிதம்: கோப்பின் உயிர் இதில்

ஜெர்மன் வாடிக்கையாளரிடமிருந்து "இவருக்கு வேலை தர விரும்புகிறோம்" என்ற கடிதம் வேண்டும். பெர்லினில் குறைந்தது இரண்டு கேட்பார்கள். மலேசிய, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களையும் சேர்க்கலாம், அவை பக்கபலம். ஆனால் அவை மட்டும் இருந்தால் "இந்த வேலையை கேஎல்லில் இருந்தே செய்யலாமே" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

புதியவர்கள் கொண்டுவரும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இவர் மிகத் திறமையானவர், இவருடன் பணியாற்ற ஆவலாக உள்ளோம்." இது பாராட்டுக் கடிதம், பயன் இல்லை. அதிகாரி தேடுவது எண்களை. இப்படி இருக்க வேண்டும்: "எங்கள் இயந்திரங்களின் பயனர் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும் தமிழுக்கும் மொழிபெயர்க்க இவரை 12 மாதங்களுக்கு, மாதம் சுமார் 20 மணி நேரம், மணிக்கு 45 யூரோ வீதம் அமர்த்த விரும்புகிறோம்." கம்பெனியின் தலைப்புத் தாள், முகவரி, கையெழுத்திட்டவரின் பதவி, தேதி. ஜெர்மன் மொழியில் இருந்தால் மிக நல்லது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிப் பழக்கமே இருக்காது. நீங்களே வரைவு எழுதி அனுப்புங்கள், திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

ஒரே வாடிக்கையாளர், வாரம் 40 மணி நேரம் என்று வந்தால் அதை வாங்காதீர்கள். அது சொந்தத் தொழில் வேடமிட்ட சம்பள வேலை. ஜெர்மனியில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, ஓய்வூதியக் காப்பீட்டுத் துறை அதைத் துருவிப் பார்க்கும். பழைய முதலாளியே "அங்கே போய் ஃப்ரீலான்ஸராக எங்களுக்கு மட்டும் செய்யுங்கள்" என்று சொல்வது பினாங்குப் பொறியாளர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. அவர்களிடமிருந்து ஒரு பகுதி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு வேறு ஆளைத் தேடுங்கள்.

வாடிக்கையாளரை இங்கிருந்தே எப்படிப் பிடிப்பது? நீங்கள் ஏற்கெனவே வேலை செய்த கம்பெனிகளின் ஜெர்மன் கிளைகள் முதல் இடம். பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. கேஎல்லில் உள்ள மலேசிய-ஜெர்மன் வர்த்தகச் சங்கத்தின் நிகழ்ச்சிகள் இரண்டாவது. நடனக் கலைஞர்கள் ஜெர்மனியில் உள்ள நடனப் பள்ளிகள், இந்தியப் பண்பாட்டு அமைப்புகள், ஈழத்தமிழர் நடத்தும் பள்ளிகள் என்று எழுதலாம். அவர்களிடம் கேட்கும்போதும் மணிக்கணக்கும் யூரோவும் கடிதத்தில் இருக்க வேண்டும். "வாங்க தங்கச்சி, பார்த்துக்கலாம்" என்று அன்பாகச் சொல்வார்கள், அன்பைக் கோப்பில் வைக்க முடியாது.

5. கணக்கைக் கடிதத்திலிருந்து எழுப்புங்கள்

வரவு-செலவுக் கணிப்பு ஒன்று கேட்பார்கள். பலர் இணையத்தில் கிடைத்த வார்ப்பில் பெரிய எண்களைப் போட்டுவிடுகிறார்கள். கடிதங்களைக் கூட்டினால் வேறு தொகை வருகிறது. மேலே சொன்ன கடிதத்தின்படி 20 மணி நேரத்துக்கு மாதம் 900 யூரோ. இரண்டாவது கடிதம் 1,100 என்றால் மாதம் 2,000, வருடம் 24,000. கணிப்பில் இந்த எண் இருக்க வேண்டும், இதற்கு மேல் போட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி வேண்டும்.

செலவுப் பக்கத்தில் வாடகை, மருத்துவக் காப்பீடு, தொழில் செலவு, வரி நான்கும் தனித்தனியாக. வருமான வரியில் 2026-க்கு ஒருவருக்கு 12,348 யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் தொடங்கும். மீதம் போதவில்லை என்றால் சேமிப்பைக் காட்டுங்கள். அந்தச் சேமிப்பு மனுவுக்கு முந்தைய வாரம் மாமா கணக்கிலிருந்து வந்து விழுந்ததாக வங்கி அறிக்கையில் தெரியக் கூடாது.

45 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை: முதுமைக்குப் போதிய ஏற்பாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இபிஎஃப் அறிக்கை, வீட்டுப் பத்திரம், ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் சேருங்கள். இலங்கை, இந்தோனேசியா, ஜப்பான் உட்பட சில நாட்டவருக்கு ஒப்பந்தங்களால் இந்த நிபந்தனை இல்லை. மலேசியருக்கு உண்டு.

6. மருத்துவக் காப்பீடு: அதிகம் பேர் விழும் குழி

ஜெர்மனியில் அரசுசார் காப்பீடு, தனியார் காப்பீடு என்று இரண்டு வகை. மலேசியாவிலிருந்து நேராகச் சொந்தத் தொழிலுக்கு வருபவரை அரசுசார் காப்பீடு பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது. அங்கோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலோ முன்பு அப்படிப்பட்ட காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். எனவே தனியார்தான்.

இங்கே மலிவான பயணக் காப்பீடு ஒன்று வலை விரித்துக் காத்திருக்கும். விலையைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். அது முதல் சில வாரங்களுக்குச் சரி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கிடையாது, இத்தனை ஆண்டுக்கு மேல் புதுப்பிக்க முடியாது என்றெல்லாம் அதில் சிறு எழுத்தில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு விசா வாங்கிப் போனவர்கள், அங்கே குடியிருப்பு அனுமதி கேட்கும்போது "இது போதாது" என்ற பதிலோடு நிற்கிறார்கள். மனு செய்வதற்கு முன்பே ஜெர்மன் காப்பீட்டுத் தரகர் ஒருவரிடம் முழுக் காப்பீட்டுக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், அந்தத் தொகையை 5-ஆம் பகுதிக் கணக்கில் போடுங்கள். நான் காப்பீட்டைக் கடைசியில் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: இந்த ஒரு எண் மாறினால் முழுக் கணக்கும் மாறும்.

தனியார் நிறுவனம் உடல்நிலைக் கேள்விகள் கேட்கும். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இருந்தால் கட்டணம் ஏறும், சில நிறுவனங்கள் மறுக்கும். மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் ஒப்பந்தத்தையே முறிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. மனைவி, பிள்ளைகள் வந்தால் தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனிக் கட்டணம், அதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு நல்ல கதவு உண்டு. கலைஞர் சமூக நிதி என்ற அமைப்பில் சேர்ந்தால் அரசுசார் காப்பீட்டுக்குள் நுழையலாம், மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியரைப் போலப் பாதிப் பங்கை மட்டும் கட்டினால் போதும். கலை வருமானம் வருடத்துக்கு 3,900 யூரோவுக்கு மேல் எதிர்பார்க்கப்பட வேண்டும், தொழில் தொடங்கிய புதிதில் இந்த வரம்பும் தளர்த்தப்படுகிறது. டிசைனர், இசைக்கலைஞர், இலக்கிய மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே போய் வேலை தொடங்கிய பிறகே மனு செய்ய முடியும், முடிவு வரவும் நாளாகும். அதனால் விசாக் கோப்பில் இதை நம்பி நிற்க முடியாது.

7. இங்கே முடிக்க வேண்டியவை

கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டால் முதலில் விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சின்) சான்று, அப்புறம் ஜெர்மன் தூதரகத்தின் சான்று. இந்த வரிசையை மாற்றினால் புத்ராஜெயாவுக்கு இரண்டு முறை அலைய வேண்டும். மலாய் ஆவணங்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பதைச் சான்று முத்திரைகள் விழுந்த பிறகே செய்யுங்கள், முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

வருமான வரி: தொழில் வருமானத்துக்கான பி படிவத்தை ஜூன் 30-க்குள் தாக்கல் செய்து, வரியைக் கட்டி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பாக்கி இருந்தால் நாட்டை விட்டு வெளியேறத் தடை போட வருமான வரி வாரியத்துக்குச் சட்ட அதிகாரம் இருக்கிறது. குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பயணத் தடை உள்ளதா என்று பார்க்கலாம், விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட இது நல்லது. மலேசியாவுக்கும் ஜெர்மனிக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எந்த நாட்டின் வரிவாசி என்று இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தால்தான் அது உதவும்.

இபிஎஃப் பணத்தை "வெளிநாடு போகிறேன்" என்று எடுக்க முடியாது. அந்த வழி குடியுரிமையைத் துறப்பவர்களுக்கு மட்டும்.

கைப்பேசி எண்ணைச் சாகவிடாதீர்கள். ஒரு மலிவான பிரீபெய்ட் சிம்மில் அதை வைத்துக்கொண்டு, வங்கிச் செயலியைப் புதிய போனில் இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் போனை மாற்றிவிட்டு, வங்கிக்கு நேரில் வரச் சொல்கிறார்கள் என்று புலம்புபவர்கள் மாதம் ஒருவர் வருகிறார்கள்.

தேசிய விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ, ரிங்கிட்டில் வாங்குவார்கள். நேர்காணலில் உங்கள் கணக்கை நீங்களே விளக்கத் தெரிய வேண்டும். ஏஜெண்ட் எழுதிய கணிப்பில் உள்ள எண்ணைப் பற்றிக் கேட்டால் விழிக்கக் கூடாது.

8. ஏ/எல், ஏ/பி

இதற்குத் தனித் தலைப்பு தேவையா என்று நினைக்கலாம், தேவை. நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பெயர், நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்), அப்பா பெயர். ஜெர்மன் படிவம் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் கட்டாயம், சாய்கோட்டைப் பல கணினிகள் ஏற்பதும் இல்லை. விளைவு: விசாவில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி, வங்கியில் 'திரு. ஏஎல்' என்று ஒரு மாதிரி.

விசா ஒட்டப்பட்டதும் அதில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்து, அதையே கடைசிவரை எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். விசாவுக்கு முன் வாங்கிய காப்பீட்டையும் அதற்கேற்பத் திருத்தச் சொல்லுங்கள். தபால் பெட்டியிலும் அதே பெயர். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். உள்வாடகைக்கு இருப்பவர் ஒரு துண்டுத் தாளில் பெயரெழுதி ஒட்டாவிட்டால், அடுத்த பகுதியில் வரும் கடிதங்கள் எல்லாம் திரும்பிப் போகும்.

9. இறங்கிய பிறகு, இதே வரிசையில்

வீட்டுப் பதிவு முதலில். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் தேவை. குறுகியகால விடுதி அறைகளில் அதைத் தர மாட்டார்கள், எனவே அறை பேசும்போதே "பதிவு செய்ய விடுவீர்களா" என்று கேளுங்கள். விட மாட்டேன் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், ஏனென்றால் அடுத்த ஒவ்வொரு படியும் இந்தத் தாளில்தான் நிற்கிறது.

பதிந்த சில வாரங்களில் வரி அடையாள எண் தபாலில் வரும். அதை வைத்து 'எல்ஸ்டர்' என்ற வரித் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும், அதன் செயல்படுத்தும் குறியீடும் தபாலில்தான். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் வரிப் பதிவுக் கேள்வித்தாளை அங்கே நிரப்ப வேண்டும். ஃப்ரைபெருஃப் ஆட்கள் தொழில் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பயத்தில் போய்ப் பதிந்துவிட்டால் நீங்களே உங்களைக் கெவெர்பே ஆக்கிக்கொள்கிறீர்கள்.

அந்தக் கேள்வித்தாளில் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். எதிர்பார்க்கும் லாபம்: அதிகமாகப் போட்டால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10-ஆம் தேதிகளில் முன்வரி கட்டச் சொல்லி ஓலை வரும். குறைத்துப் போட்டால் வருடம் கழித்து மொத்தமாக வரும். சிறுதொழில் சலுகை: முந்தைய வருட வரவு 25,000 யூரோவைத் தாண்டாதவர்கள் விற்பனை வரி சேர்க்காமல் பில் போடலாம், தொடங்கும் வருடத்துக்கும் அதே வரம்பு. மேலே சொன்ன 24,000 கணக்கு இதற்குள் அடங்கும், ஆனால் ஒரு நல்ல மாதம் வந்தால் தாண்டிவிடும். கண் வைத்திருங்கள். மலேசியக் கம்பெனிக்குப் போடும் பில்லில் ஜெர்மன் விற்பனை வரி பொதுவாக வராது.

வரி எண் வந்த பிறகுதான் ஒழுங்கான பில். வரிசை எண், தேதி, இரு தரப்பு முகவரி, வேலை விவரம், வரி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நடுவில் குடியிருப்பு அனுமதியை மறந்துவிடாதீர்கள். விசா முடியும் தேதிக்கு முன்பே மனு உள்ளே போயிருக்க வேண்டும். சந்திப்பு நேரம் கிடைக்கவில்லை என்றாலும் மனு நேரத்தோடு போயிருந்தால் பழைய உரிமை தொடரும், அதற்கு இடைக்காலச் சான்று கேட்டு வாங்கலாம்.

இதற்கிடையில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, கட்டிவிடுங்கள்.

10. அனுமதி கிடைத்த பிறகு கெடுத்துக்கொள்ளும் வழிகள்

அனுமதியில் உங்கள் தொழில் எழுதப்பட்டிருக்கும். அது மட்டும்தான். கை கடித்த மாதத்தில் தமிழ் உணவகத்தில் வார இறுதியில் பரிமாறப் போனால் அது அனுமதி மீறல். தொழிலை மாற்றவோ கூட்டவோ முதலில் கேட்க வேண்டும். குடும்ப விசாவில் வரும் கணவன் அல்லது மனைவிக்கு இந்தக் கட்டு இல்லை, அவர் எந்த வேலைக்கும் போகலாம்.

நடனம், இசை, மொழி, யோகா என்று கற்றுக்கொடுப்பவர்கள் ஆள் வைக்காமல் தனியாக நடத்தினால் அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்வது கட்டாயம். தொடங்கிய மூன்று மாதத்துக்குள் நாமாகவே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் பழைய பாக்கி முழுவதும் சேர்ந்து வரும். வருமானத்தில் 18.6 விழுக்காடு என்பதால் இதையும் கணிப்பில் சேருங்கள்.

மற்றவர்களில் பலருக்குக் கட்டாயமில்லை என்பதால் அவர்கள் கட்டுவதில்லை. ஐந்து வருடம் கழித்து நிரந்தரக் குடியிருப்புக்குப் போகும்போதுதான் 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு அல்லது அதற்கு நிகரான தனியார் ஏற்பாட்டைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் பின்னோக்கிப் போய் ஐந்து வருடத்தையும் கட்ட முடியாது. முதல் வருடத்திலிருந்தே சிறு தொகையாவது கட்டிவாருங்கள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேஎல் வந்து தங்கிவிடுபவர்கள் நாளை எண்ணிக்கொண்டிருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி தானாகவே செத்துவிடும். நீண்ட காலம் தேவைப்பட்டால் கிளம்புவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு அவகாசம் வாங்குங்கள். நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர் மலேசியக் கடப்பிதழை வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் குடியுரிமை வேறு விஷயம். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருகிறது, மலேசியா தருவதில்லை.